ஒரே புள்ளியில் பதினோரு வீடுகள்

போன மாதம் சரண்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பள்ளி அலுவலகத்தில் என் நாற்காலிக்கு வந்தவள் அவள். "அக்கா, அட்மிஷன் ஆரம்பிக்கப் போகுது. ஆபீசுக்குப் புதுசா ரெண்டு பேரு வந்திருக்காங்க. இப்பல்லாம் போன்லயே அப்ளிகேஷன் போட்டுர்றாங்க, ஆளப் பாத்துப் பழக்கமே இல்ல. ஒரு நாள் வந்து பத்து நிமிஷம் பேசிட்டுப் போங்களேன்" என்றாள். அட்மிஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கே பஸ் ஏறிவிட்டேன். பத்து நிமிடம் என்று கூப்பிட்டவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்து டீயைக் கையில் கொடுத்துத்தான் என் வாயை அடைத்தார்கள்.

சிரிக்கச் சிரிக்க எத்தனையோ கதை சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் வந்துவிட்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். கீரனூருக்குச் சற்றுத் தள்ளி, கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கும் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் இருபத்தாறு வருடம் எழுத்தர் வேலை பார்த்தேன். டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட்டுப் போனேன். முதல் வாரம் மணி அடித்தேன், இரண்டாம் வாரம் ரசீது எழுதினேன், மூன்றாம் வாரம் விண்ணப்பம் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான் என் பயிற்சி. அந்த ஜன்னலை விட்டு நான் எழுந்தது ஓய்வு பெற்ற அன்றுதான்.

விண்ணப்பம் கொடுக்கும் நாள் என்றால் எனக்குத் தேர்த் திருவிழாதான். காலை ஆறு மணிக்கே பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக வந்து நிற்பார்கள். பிள்ளைகளுக்கு முகம் முழுக்கப் பவுடர். "வாட் இஸ் யுவர் நேம்?" என்று அப்பா கேட்க, பிள்ளை பதில் சொல்ல, அடுத்த வரிசைப் பிள்ளையும் சேர்ந்து அதே பெயரைச் சொல்லும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரே இருக்காது. ஆஸ்பத்திரியில் எழுதிய தாய் பெயரோடு நிறுத்தியிருப்பார்கள். பெயரைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால் பெரிய சண்டை வரும். சண்டை போட்டவரே மறுவாரம் சான்றிதழோடு வந்து, "நல்ல வேளை சொன்னீங்க டீச்சர்" என்பார். எழுத்தராக இருந்தாலும் நான் எல்லோருக்கும் டீச்சர்தான். நானும் மறுத்ததில்லை.

எங்கள் முதல்வர் சுலோசனா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான உருவம். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பெற்றோர் உட்காரும்வரை அவர் உட்கார மாட்டார். வந்தவர் கல்குவாரி முதலாளியானாலும் சரி, குவாரியில் கல் உடைப்பவரானாலும் சரி, அவர் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலி ஒரே நாற்காலிதான். விண்ணப்பம் எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையில் எண் போட்டு, வந்த நேரத்தையும் நான் எழுத வேண்டும். பரிந்துரைக் கடிதம் வந்தால் பிரிக்காமல் விண்ணப்பத்தின் பின்னால் குத்தி வைக்கச் சொல்லுவார். கடைசிவரை அது பிரிக்கப்படாமலேயே கிடக்கும்.

நேர்காணலில் அவர் கேட்பது ஒரே ஒரு கேள்வி, அதுவும் பெற்றோரிடம். "உங்க பிள்ளைக்கு என்ன பிடிக்காது?" அவ்வளவுதான். பிள்ளைக்கு என்ன பிடிக்கும், என்ன ஆகப் போகிறது என்றெல்லாம் மனப்பாடம் செய்து வந்தவர்கள் இந்தக் கேள்வியில் திணறிப் போவார்கள். விராலிமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "பொய் சொல்லக் கூடாதுங்க மேடம். அவனுக்குப் பள்ளிக்கூடந்தான் புடிக்காது" என்றார். மேடம் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பையனுக்கு இடம் கிடைத்தது. பிளஸ் டூ முடிக்கும்வரை அவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பெற்றோர் அதற்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடத்தைவிட ஆள் அதிகமானால் எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல். இலவச சீட்டு என்று ஊரில் சொல்வார்கள். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு எங்களுக்கு அப்படி எல்.கே.ஜி.யில் பன்னிரண்டு இடம் இருந்தது. வந்த விண்ணப்பம் இருபது. அதில் ஒன்பது தகுதியானவை என்றும், மீதிப் பதினொன்று தொலைவு காரணமாகத் தள்ளுபடி என்றும் பட்டியல் வந்தது. பன்னிரண்டு இடத்துக்கு ஒன்பது பேர்தான் என்றால் குலுக்கலே தேவையில்லை. ஒன்பது பேருக்கும் இடம் உறுதி.

அந்த ஒன்பதில் ஒரு பெயர் ஜெனி. என் தம்பி சவரிமுத்துவின் மகள். கல்யாணம் ஆகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. தம்பி பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பிள்ளையைத் தன் அக்கா வேலை பார்க்கும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. கட்டணம் கட்டிச் சேர்க்க அவனுக்கும் வழியில்லை, எனக்கும் வழியில்லை. பட்டியலைப் பார்த்ததும் அவனுக்குப் போனில் சொன்னேன். ஆட்டோவை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் கத்தினானாம். பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் எனக்கும் கேட்டது.

பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டி முடிக்கும்போது மணி ஒன்பதரை. ஆட்சேபணை இருந்தால் மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. ஒட்டிவிட்டுத் திரும்புகிறேன், ஜன்னலில் ஒரு பெண் நிற்கிறாள். நூறு நாள் வேலைக்குப் போகும் வழியில் தலைத்துண்டோடு வந்திருந்தாள். பெயர் பாண்டியம்மாள். மகள் தர்ஷினிக்காக விண்ணப்பித்தவள்.

"டீச்சர், எங்க வீடு தூரமுன்னு போட்டிருக்காமே?"

"ஆமாம்மா. கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது."

"இங்கிட்டு வந்து பாருங்க டீச்சர்" என்று என் கையைப் பிடித்து இழுத்து வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் கண்மாய். கண்மாய்க்கு அந்தப் பக்கம் நாலைந்து ஓட்டு வீடுகள். "அந்தா, நீலக் கதவு தெரியுதுல்ல, அதான் எங்க வீடு. ஒங்க பள்ளிக்கூடத்துல ஜனகணமன பாட்டுப் போட்டா நாங்க அங்க எந்திரிச்சு நிக்கிறோம். அது எப்படி டீச்சர் தூரமாகும்?"

உள்ளே வந்து கணினியில் அவள் விண்ணப்பத்தைத் திறந்தேன். வீடு இருக்கும் இடத்தை வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாகக் காட்டும். புள்ளி கண்மாய்க்கு அருகில் இல்லை, இரண்டு மூன்று மைல் தள்ளிக் கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த விண்ணப்பத்தைத் திறந்தேன். அதுவும் அதே இடம். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அதே புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தேன். அது ஒரு ஜெராக்ஸ் கடை. பதினோரு குடும்பமும் ஒரே ஜெராக்ஸ் கடைக்குள் குடியிருந்தன.

நடந்தது எனக்கு உடனே புரிந்துவிட்டது. பாண்டியம்மாளைக் கேட்டதும் உறுதியானது. இவர்கள் எல்லாம் ஒன்றாகப் பஸ் ஏறிப் போய் அந்தக் கடையில்தான் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். "நீங்கள் இருக்கும் இடத்தைக் குறிக்கவும்" என்று திரையில் வந்திருக்கிறது. கடைக்காரர், தான் இருக்கும் இடத்தைக் குறித்துவிட்டார். அவர் மேலும் தப்பு சொல்ல முடியாது. அவர் அங்கேதானே இருந்தார்!

இங்கேதான் நான் சரண்யாவிடம் சொல்லாதது வருகிறது. பாண்டியம்மாளிடம், "பாக்குறேம்மா, நாளைக்கு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மேடத்திடம் உடனே போய்ச் சொல்லவில்லை. இந்தப் பதினோரு பேரும் உள்ளே வந்தால் இருபது பேர் ஆகிவிடும். பன்னிரண்டு இடத்துக்குக் குலுக்கல் வரும். ஜெனியின் பெயர் காகிதச் சுருளாகிவிடும். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அன்றைக்கு எனக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை ஆடியது. கையில் இருந்த ரசீதுகளை இரண்டு முறை தப்பாக அடுக்கினேன்.

மதியம் தம்பி வந்தான். ஜெனியையும் கூட்டி வந்திருந்தான். கையில் அரைக் கிலோ லட்டு. பிள்ளையின் முதுகில் புது ஸ்கூல் பேக், அது அவளைவிடப் பெரிதாக இருந்தது. "அத்தே, இதுல தண்ணி பாட்டிலு வைக்கத் தனி அறை இருக்கு" என்று திரும்பித் திரும்பிக் காட்டினாள். தம்பி அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். எனக்குக் கொடுத்ததை நான் கையிலேயே வைத்திருந்தேன். அவர்கள் போன பிறகும் வைத்திருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் நீலக் கதவு தெரிந்தது. இருபத்தாறு வருடத்தில் ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்று ஒரு நாள்தான்.

மூன்று மணிக்கு மேடம் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடை, புள்ளி, பதினோரு பேர், ஜெனி எல்லாம். முடித்ததும் மேடம் ஒன்று கேட்டார்.

"எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"காலைல மேடம். ஒம்பதரை இருக்கும்."

"இப்ப மணி மூணு" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவர் திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டு மறந்திருப்பேன். உடனே போனை எடுத்து, இந்த இடங்களுக்குப் பொறுப்பான கல்வித் துறை அதிகாரியிடம் பேசினார். அதிகாரி நல்லவர். வரைபடத்தை மாற்ற முடியாது, ஆனால் நேரில் அளந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் எழுத்துப்பூர்வமாகச் சேர்த்துக்கொள்ளலாம், எதுவானாலும் மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் என்றார். நான் விழுங்கிய அரை நாள் அப்போதுதான் எனக்குக் கணக்கில் வந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். அதிகாரி, நான், விளையாட்டு ஆசிரியர் பி.டி. சார் மூன்று பேரும்தான். ஸ்போர்ட்ஸ் டேக்கு நீளம் தாண்டுதல் அளக்கும் ஐம்பது மீட்டர் டேப்தான் எங்கள் ஆயுதம். இருபது முறை வைத்தால் ஒரு கிலோமீட்டர். பதினோரு குடும்பத்தில் ஐந்து பேர் உண்மையிலேயே தூரத்து ஊர்க்காரர்கள். அவர்களே ஒத்துக்கொண்டார்கள். மீதி ஆறு வீடு. வெயில் ஏற ஏற ஓட்டமும் நடையுமாக அளந்தோம். ஊரே பின்னால் வந்தது. "ரோடு போடப் போறாங்களாம்" என்று ஒருவர் சொல்ல, "அப்ப எங்க தெருவையும் அளங்க" என்று இன்னொருவர் மறித்தார். பி.டி. சார் விசில் ஊதித்தான் வழி எடுத்தார். ஐந்து வீடுகள் எளிதாகவே உள்ளே வந்தன.

கடைசி வீடு பாண்டியம்மாளுடையது. மணி பதினொன்று இருபது. நேராகக் கண்மாய்க்குள் இறங்கி நடந்தால் பத்து டேப் கூட வராது. மே மாதம், கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நான் இறங்கப் போனேன். அதிகாரி நிறுத்தினார்.

"தண்ணி நிக்கிறப்போ புள்ள எப்படிம்மா வரும்?"

பாண்டியம்மாள் பொய் சொல்லியிருக்கலாம். "கரை மேல சுத்தித்தான் சார் வரணும்" என்றாள்.

"அப்போ கரை மேலயே அளங்க."

கரை வளைந்து வளைந்து போனது. பி.டி. சார் ஒரு முனை, நான் ஒரு முனை. பாண்டியம்மாள் ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பால் கோடு போட்டாள். பத்து, பன்னிரண்டு, பதினைந்து. மதகு வந்தது, வீடு இன்னும் அங்கிட்டே நின்றது. பதினேழு, பதினெட்டு. எனக்கு மூச்சு வாங்கியது. ஐம்பத்தாறு வயது, கால் வலி, தலையில் முக்காடு, அதோடு ஓடினேன். யாருக்காக ஓடுகிறேன் என்ற நினைப்பே அந்த நேரம் எனக்கு இல்லை. டேப் எட்ட வேண்டும், அவ்வளவுதான். பத்தொன்பதாவது முறை பி.டி. சார் டேப்பை இழுத்துக்கொண்டு போனார். முப்பத்திரண்டு மீட்டரில் அவர் கை நீலக் கதவைத் தொட்டது. "உள்ள வந்துருச்சு!" என்று அவர் கத்த, கூட வந்த அத்தனை பேரும் விசில் அடித்தார்கள். பன்னிரண்டு அடிக்க எட்டு நிமிடம் இருந்தபோது அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் தம்பியிடம் போய்ச் சொன்னேன். "வாய்க்குப் போன சோத்தத் தட்டி விட்டுட்டியேக்கா" என்றான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் அவன் அக்கா.

குலுக்கல் அந்த வாரமே நடந்தது. பன்னிரண்டு இடத்துக்குப் பதினைந்து பேர். சீட்டைப் பிரித்து வாசிப்பது எப்போதும் என் வேலை. இந்த முறை வேண்டாம் என்று மேடத்திடம் கேட்டுக்கொண்டேன். "நீங்கதான் வாசிக்கணும். உங்க தம்பி பிள்ளையும் இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வாசிங்க" என்றார். சொன்னேன். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர், "அதுக்கென்ன தாயி, நீ வாசி" என்றார்.

எவர்சில்வர் குடம். யு.கே.ஜி.யில் படிக்கும் ஒரு பிள்ளை சீட்டை எடுத்து எடுத்துக் கொடுத்தது. அதிகாரி பார்க்க, நான் பிரித்து வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையில் சிரிப்பும் அழுகையும் வெடித்தன. ஒருவர் அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டார். ஐந்து, ஏழு, ஒன்பது. பதினொன்று வாசித்தாயிற்று. ஜெனியும் வரவில்லை, தர்ஷினியும் வரவில்லை. குடத்தில் நாலு சீட்டு, இருப்பது ஒரு இடம். தம்பி ஜெனியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சுவரோடு நின்றான். பாண்டியம்மாள் மகள் கையைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றாள்.

பன்னிரண்டாவது சீட்டைப் பிரித்தேன்.

"தர்ஷினி!"

பாண்டியம்மாள் போட்ட குலவை கட்டடத்தையே அதிர வைத்தது. கூட நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் சிரித்துக்கொண்டே நிற்கிறேன், கையைத் தட்டிக்கொண்டே நிற்கிறேன். அதற்குப் பிறகுதான் குடத்துக்குள் கிடந்த மூன்று சீட்டில் ஒன்று யாருடையது என்பது எனக்கு உறைத்தது.

கூட்டம் கலைந்த பிறகு தம்பி என்னிடம் வந்தான். கோபமாக இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பதினோரு பேர வாசிச்சக்கா. இந்தப் பேர மட்டும் கத்துன" என்றான்.

"ஆமாடா" என்றேன். பொய் சொல்ல முடியவில்லை.

அவன் ஜெனியை ஆட்டோவில் உட்கார வைத்துக்கொண்டு போய்விட்டான். அவளை ஊரில் உள்ள அரசுப் பள்ளியில் சேர்த்தான். நன்றாகத்தான் படிக்கிறாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் அவன் என் வீட்டுப் படி ஏறவில்லை.

அவன் ஆட்டோ கேட்டைத் தாண்டியதும் பாண்டியம்மாள் ஓடி வந்தாள். சீனி வாங்கப் போகக் கூட நேரமில்லை, அலுவலகத்தில் டீக்கு வைத்திருந்த சீனியிலேயே ஒரு சிட்டிகை எடுத்து என் வாயில் போட்டாள். "ஒங்களாலதான் டீச்சர், ஒங்களாலதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைக் கேட்க எனக்குக் கூசியது. கையைப் பிடித்து நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாண்டியம்மா, நீ வந்து சொன்ன அன்னைக்குக் காலைலயே எனக்குத் தெரியும். என் தம்பி பிள்ளைக்காக மூணு மணி வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஒரு எட்டு நிமிஷம் தப்பியிருந்தா ஒம் பிள்ளைக்கு இது இல்ல. என்னை மன்னிச்சிரு."

அவள் சீனிக் கையைச் சேலையில் துடைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூணு மணி வரைக்குந்தானே டீச்சர்?" என்றாள். "நானா இருந்தா மறுநாப் பன்னெண்டு வரைக்கும் மூடிருப்பேன்."